துளசிக் குச்சியும் நைலான் புல்லும்

கொலு வைக்கிற வீடுகளில் படி பெரியவர்களுக்கு, பார்க் பிள்ளைகளுக்கு. எந்தப் பொம்மை எந்தப் படியில் என்று அம்மாவும் அத்தையும் முடிவு செய்வார்கள். கீழே தரையில் செங்கல்லை அடுக்கி மண் கொட்டிக்கொள்ளும் உரிமை எங்களுடையது. 1970களில் கோவில்பட்டியில் எங்கள் பார்க்குக்கென்று காசு கொடுத்து வாங்கியது, சாவி கொடுத்தால் வட்டமாக ஓடும் தகர ரயில் ஒன்றுதான். மற்றதெல்லாம் தெருவிலும் கொல்லையிலும் கிடைத்தது.

மகாளய அமாவாசைக்கு முன்பே கேழ்வரகை ஊறவைத்து, ஈர மண்ணில் தூவி, நனைத்த சாக்கால் மூடிவிடுவோம். கொலு தொடங்கும்போது பச்சை பிடித்திருக்கும். கடுகு இன்னும் வேகமாக வரும். பழைய சாக்கை மைதாப் பசையில் முக்கிச் செங்கல் மேல் போர்த்தினால், காய்ந்து விறைத்து மலையாகிவிடும். குளத்துக்கு ரசம் போன கண்ணாடி. அதன் ஓரத்தை மணலால் மறைத்தால்தான் குளம், இல்லாவிட்டால் வெறும் கண்ணாடி. மரத்துக்குத் துளசி. விதை உதிர்ந்து காய்ந்த துளசிக் கொத்தில் கிளை, கிளைக்குள் கிளை என்று ஒரு முழு மரத்தின் அமைப்பு அப்படியே இருக்கும். பசை தடவி, பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளில் புரட்டினால் போதும்.

அளவு என்ற ஒன்று அந்தப் பார்க்கில் கிடையாது. மளிகைக் கடைச் செட்டியார் ரயிலைவிட உயரமாக உட்கார்ந்திருப்பார். இப்போது நான் மாடல் ரயில் கட்டுவது எச்.ஓ. அளவில், அதாவது 87-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் நாலு சென்டிமீட்டர் கடுகு முளை மூன்றரை மீட்டர் உயரம் ஆகிறது. நாங்கள் புல்வெளி என்று வளர்த்தது வாழைத்தோட்டத்தின் உயரம்.

இன்று புல்லுக்கென்று தனிக் கருவி இருக்கிறது. நைலான் இழைகளை அதில் போட்டுக் குலுக்கினால், உயர் மின்னழுத்தத்தில் மின்னூட்டம் பெற்ற இழைகள் கீழே தடவிய பசையில் செங்குத்தாகப் போய் நிற்கின்றன. இரண்டு மில்லிமீட்டர் இழை, நிஜத்தில் பதினேழு சென்டிமீட்டர் புல். அசல் புல்தான் என்று கண் நம்பிவிடுகிறது. குளத்துக்கு எபாக்ஸி ரெசின், பாறைக்கு ரப்பர் அச்சில் வார்த்த பிளாஸ்டர், பாக்கெட்டில் இலை. எல்லாம் அருமையான பொருள்கள். அவற்றைச் செய்தவர்களை நான் மதிக்கிறேன்.

என் வருத்தம் வேறு. அந்தப் பாக்கெட்டுகளில் வருவது ஐரோப்பாவின் மண், ஐரோப்பாவின் மரம். நம்மவர்கள் கட்டிய மாடல் ரயில் லேஅவுட்டுகள் பலவற்றில், எண் பலகை முதற்கொண்டு பிசகாமல் வண்ணம் பூசிய இந்திய இன்ஜின் ஊசியிலைக் காட்டுக்குள் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். மரத்தூளால் செய்த எங்கள் பார்க் எந்த அளவுக்கும் பொருந்தாததுதான். ஆனால் அதிலிருந்தது கோவில்பட்டியின் கரிசல். இப்போது அளவு சரியாகிவிட்டது, ஊர் காணாமல் போய்விட்டது.

கடையில் விற்காததை நாமே செய்துகொள்ளலாம். கரிசல் மண்ணை ஒரு பை அள்ளி வந்து, வாணலியில் வறுத்து, டீ வடிகட்டியில் சலியுங்கள். அடுத்து, சலித்த மண்ணுக்குள் காந்தத்தை விட்டுத் துழாவ வேண்டும். இரும்புத் துகள் தங்கிவிட்டால் இன்ஜின் மோட்டாரில் இருக்கும் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும். சலித்த மண்ணைப் பரப்பி, தண்ணீர் கலந்த பெவிகாலில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அந்தச் சொட்டு சோப்பு இல்லாவிட்டால் பசை மண்ணுக்குள் இறங்காமல் உருண்டை உருண்டையாக மேலேயே நிற்கும்.

பனை இன்னும் கடினம். இருபது மீட்டர் பனை நம் கணக்கில் 23 சென்டிமீட்டர். தென்னை மாதிரி வளையாது, நேராக நிற்கும். ஓலை விசிறியாக விரியும். உச்சிக்குக் கீழே காய்ந்த மட்டைகள் தொங்கும். அந்த மட்டைகளை விட்டுவிட்டால் எவ்வளவு செய்தாலும் பனை ஆகாது. தண்டவாள ஓரத்தில் சீமைக் கருவேலம், ஸ்டேஷனில் தூங்குமூஞ்சி மரம், மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, தமிழ் மேலே. ஜல்லி கருங்கல்தான், ஆனால் வண்டி நிற்கும் இடத்தில் கறுப்பாக இருக்காது. பிரேக் கட்டை தேய்ந்து உதிரும் இரும்புத்தூள் துருப்பிடித்து அதைப் பழுப்பாக்கிவிடும். இதையெல்லாம் பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

ராய் இங்லண்ட் என்ற ஆஸ்திரேலியர் 1925-இல் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே வைட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் பழைய கூரை வீடுகள் ஒவ்வொன்றாக மாறுவதையும் மறைவதையும் பார்த்து, 76-இல் ஒரு பங்கு அளவில் அவற்றைச் செய்யத் தொடங்கினார். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள பெண்டன் அருங்காட்சியகம் அப்படி வளர்ந்ததுதான். பிறந்த ஊர் அல்லாத ஒரு நிலத்துக்கு ஒரு மனிதர் அவ்வளவு செய்தார்.

எங்கள் ஊர் வழியாக ஓடிய மீட்டர் கேஜ் போய்விட்டது, நீராவி இன்ஜினும் போய்விட்டது. இப்போது அம்ரித் பாரத் திட்டத்தில் ஸ்டேஷன்களையே மாற்றிக் கட்டுகிறார்கள். பயணிகளுக்கு அந்த வசதி தேவைதான். ஆனால் உங்கள் ஊர் ஸ்டேஷனில் பழைய ஓட்டுக் கூரையோ சிமென்ட் பெஞ்சோ மேடை கட்டிய வேப்பமரமோ மிச்சம் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் நாலு பக்கமும் படம் எடுத்து, டேப் பிடித்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாடல் செய்ய நேரமில்லை என்றாலும் பரவாயில்லை. அந்த அளவுகள் இருந்தால் பின்னால் யாராவது செய்துகொள்வார்கள்.