யூனிட் காலக்கணக்கு: வழுவும் வழுவமைதியும்

'டாக்டர் ஹூ' 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கிய, டாக்டர் என்ற காலப்பயணியைப் பற்றிய அறிவியல் புனைவுத் தொடர். அதன் ரசிகர்களிடையே தீராத வழக்குகள் பல உண்டு. அவற்றுள் தலையாயது யூனிட் காலக்கணக்கு. வேற்றுக்கிரகப் படையெடுப்புகளை எதிர்கொள்ளும் யூனிட் என்ற படைப்பிரிவும், அதன் பிரிட்டிஷ் தளபதி பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட்டும் பூமியைக் காத்தது 1970களிலா, 1980களிலா என்பதே வழக்கு. பூமி காக்கப்பட்டது என்பதில் இரு கட்சியாருக்கும் ஐயமில்லை.

வழக்கின் வித்து 1968இல் ஒளிபரப்பான 'தி வெப் ஆஃப் ஃபியர்'. பேராசிரியர் டிராவர்ஸ் இமயமலையில் யெட்டி என்னும் பனிமனிதனைத் தேடிப் போனது 1935இல் என்றும், அது நடந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது என்றும் அக்கதை சொல்கிறது. ஆக, கதை நிகழ்வது 1975 வாக்கில். 1968இலேயே வந்த 'தி இன்வேஷன்', அதன்பின் நான்கு ஆண்டுகள் கழிந்தன என்று சொல்லி யூனிட்டை அறிமுகப்படுத்துகிறது. கூட்டினால் 1979. சிறுபிள்ளையும் போடக்கூடிய கணக்குதான். வினையும் அதனால்தான் வந்தது.

கதையைச் சில ஆண்டுகள் முன்தள்ளி வைத்ததில் தயாரிப்பாளர்களுக்கு வசதி இருந்தது. இல்லாத கருவிகளைக் காட்டலாம். தெருவில் ஓடும் கார்களை மாற்ற வேண்டியதில்லை. 1970இல் 'தி அம்பாசிடர்ஸ் ஆஃப் டெத்' கதையில் பிரிட்டன் செவ்வாய்க்கு மனிதர்களை அனுப்புகிறது. 1971இல் 'தி டீமன்ஸ்' கதையில், அன்று இல்லாத பிபிசி3 நேரலை ஒளிபரப்புகிறது. 1975இல் 'டெரர் ஆஃப் தி ஸைகான்ஸ்' கதையில் பிரிகேடியர் பிரதமரிடம் தொலைபேசியில் பேசும்போது அவரைப் பெண்பாலில் விளிக்கிறார். மார்கரெட் தாட்சர் பிரதமரானது 1979இல். எண்பதுகள் கட்சி இதை முதல்தரச் சான்றாகக் கொள்கிறது. 1975 பிப்ரவரியிலேயே தாட்சர் தம் கட்சித் தலைவராகிவிட்டதால் இதைத் தீர்க்கதரிசனம் என்று கொண்டாட வேண்டியதில்லை. எழுபதுகள் கட்சியின் சான்று கண்ணுக்கு எதிரே நிற்கிறது: பெல்பாட்டம், கிருதா, அகன்ற காலர். எழுத்தாளர் பொய் சொல்லலாம், தையல்காரர் சொல்லமாட்டார் என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

1975இன் 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' எண்பதுகள் கட்சிக்குக் கிடைத்த பிரமாணம். 1911இல் நடக்கும் அக்கதையில் டாக்டரின் பயணத் தோழி சாரா ஜேன் ஸ்மித் தான் 1980ஐச் சேர்ந்தவள் என்கிறாள். வாய்தவறிச் சொன்னதென்று தள்ளவும் முடியாது. உலகை அழிக்கத் துடிக்கும் சுட்டெக்கைத் தடுக்காமல் கிளம்பிவிடலாம் என்று அவள் சொன்னதும், டாக்டர் அவளை 1980க்கே கொண்டுபோய்க் காலயந்திரத்தின் கதவைத் திறந்து காட்டுகிறார்; வெளியே புழுதியும் புயலும் தவிர ஒன்றுமில்லை. ஆண்டு வசனத்தோடு நிற்காமல் கதைக்கே தூணாகிவிட்டது.

எட்டே ஆண்டில் இடி விழுந்தது. 1983இன் 'மாட்ரின் அன்டெட்' கதையில் பிரிகேடியர் 1976இலேயே ஓய்வு பெற்று ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கிறார். கதை 1977, 1983 ஆகிய இரு ஆண்டுகளில் நடக்கிறது. 1977 என்பதற்கு எலிசபெத் அரசியின் வெள்ளிவிழாக் கொண்டாட்டமே சாட்சி. பிரிகேடியர் தளபதியாக இருந்தபோது அவரோடு பழகிய சாரா 1980ஐச் சேர்ந்தவள். அவரோ அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறார். அந்த வாத்தியார் வேலை முதலில் இயன் செஸ்டர்டன் என்ற பழைய பாத்திரத்துக்காக எண்ணப்பட்டது. நடிகர் வாய்க்காததால் பிரிகேடியர் தலையில் விழுந்தது. குழப்பத்தை உண்டாக்கியவர் கணக்கு வாத்தியார் என்பதை ஆய்வாளர் எவரும் கவனிக்காமல் விட்டதில்லை.

வழுவைக் கண்டுபிடிப்பது எளிது. ரசிகரின் புலமை வெளிப்படுவது அமைதி கூறுவதில்தான். சாரா தோராயமாகச் சொன்னாள் என்பது ஒரு சாரார் உரை. டிராவர்ஸ் கிழவர், அவர் நினைவை நம்பக் கூடாது என்பது இன்னொன்று. தொடரில் பின்னர் வரும் காலப்போரில் வரலாறே கலைந்துவிட்டது என்பது மூன்றாவது. இதைக் கொண்டு எதையும் விளக்கிவிடலாம் என்பதால் மதிப்பு குறைவு. எட்டக் கிடக்கும் அடிகளைக் கூட்டிப் பொருள் காணும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இவர்களைப் பார்த்திருந்தால் உடன்பிறந்தார் என்றே கொண்டிருப்பார். மாட்ரின் கதையை இடைச்செருகல் என்று நீக்கத் துணிவோரும் உண்டு. ஆனால் இரண்டு பிரிகேடியர்கள் நேருக்கு நேர் சந்திக்கும் ஒரே கதையை இழக்க மனம் வருவதில்லை.

தீர்ப்பளிக்கும் அதிகாரம் யாரிடமும் இல்லாததே வழக்கு நீளக் காரணம். ஸ்டார் வார்ஸ் உரிமையாளரான லூகாஸ்ஃபிலிம் 2014இல் பழைய நாவல்களையும் காமிக்ஸ்களையும் ஒரே அறிவிப்பில் அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து ஒதுக்கியது. டாக்டர் ஹூவில் எது செல்லும், எது செல்லாது என்று பிபிசி ஒருபோதும் வரையறுத்ததில்லை.

2005இல் தொடர் மீண்டபோது பொறுப்பேற்ற ரஸ்ஸல் டி டேவிஸும், பின்வந்த ஸ்டீவன் மோஃபட்டும் சிறுவயது முதலே ரசிகர்கள். ஒரு வரியில் வழக்கை முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. 2008இல் யூனிட்டில் வேலை பார்த்தது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று டாக்டரே தடுமாறுகிறார். 2013இன் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புக் கதையில் பிரிகேடியரின் மகள் கேட் தன் தந்தையின் கோப்பு ஒன்றைக் கேட்கிறாள். அது எழுபதுகளுக்கா எண்பதுகளுக்கா உரியது என்பது தேதியிடும் முறையைப் பொறுத்தது என்கிறாள். இவ்வாறு ஐயமே மூலபாடத்தில் ஏறிவிட்டது. தேதியிடும் முறைகள் இரண்டுதானா, அவற்றை வகுத்தவர் யார் என்பன தனி ஆய்வுக்குரியவை.