மிட்ஸ் நல்லா இருக்கு

எனக்குப் பாட்டு தெரியாது. பாட்டுக் கேட்கிற சாமான்களைப் பற்றி நிறையத் தெரியும் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் தெரியாது என்று தெளிவதற்குள், 15,000 ரூபாய்க்குள் முடிப்பதாக வீட்டில் வாக்குக் கொடுத்த வேலை 26,000-ஐத் தாண்டிவிட்டது.

வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்விஃப்ட். டேஷ்போர்டில் கம்பெனி டெக், முன் கதவுகளில் கம்பெனி ஸ்பீக்கர் இரண்டு. செய்திக்கும் எஃப்எம்முக்கும் தாராளம். ஆனால் மச்சான் வண்டியில் பின்னால் ஓவல் இருந்தது. ஆறுக்கு ஒன்பது இஞ்ச், முட்டை வடிவம், நடுவில் பளபளவென்று ஒரு மூடி. அவன் தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடிக்குத் தெரியும். ஒருநாள் என் வண்டியில் ஏறி உட்கார்ந்தவன், "மாமா, இது செட்டா, இல்ல ரேடியோவா?" என்று கேட்டுவிட்டான். மனைவியின் தம்பி இப்படிக் கேட்டால் வாயால் பதில் சொல்லிப் பயனில்லை.

முதல் சறுக்கல் வாட்ஸில். நான் இயற்பியல் பட்டதாரி. இந்த இடத்தில் அதைச் சொல்லாமல் இருப்பதுதான் கல்லூரிக்கு நான் செய்யும் மரியாதை. புது டெக்கின் அட்டைப்பெட்டியில் '50 வாட்ஸ் x 4' என்று போட்டிருந்தது. ஆக 200 வாட்ஸ், பில் போடுங்கள் என்றேன். வீட்டுக்கு வந்து மாட்டி, பழைய செட்டைவிடப் பெரிதாக ஒன்றும் சத்தம் கூடவில்லை என்று உறுத்திய பிறகுதான் பேனாவை எடுத்தேன். வண்டி ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி நாலால் வகுத்தால் 51.8. பெட்டியில் இருக்கும் 50 பிறந்த இடம் இதுதான். அலை முழுக்கச் சதுரமாக வெட்டுப்பட்டு, பாட்டு பாட்டாக இல்லாமல் அலறினால்தான் அந்த எண் வரும். ஒழுங்காகப் பாடவிட்டால் அதிகபட்சமே பாதி, 26. நஷ்டம் போகக் கையில் நிற்பது 15-லிருந்து 20. உள்ளே மடித்து வைத்திருந்த தாளில் ஆர்எம்எஸ் என்ற பெயரில் இந்த உண்மையும் அச்சாகியிருந்தது. பொடி எழுத்து. கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன்.

தொண்ணூறுகளில் டூ-இன்-ஒன் பெட்டிகளின் மேல் 'பிஎம்பிஓ 1000 வாட்ஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். வீட்டு மிக்ஸியே 500 வாட்ஸ், இந்தப் பெட்டி எப்படி ஆயிரம் என்று அப்பா கேட்டார். உங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் புரியாது என்று சொன்னவன் நான்.

அடுத்து ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. மவுண்ட் ரோட்டிலிருந்து அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் சீட் கவர், ஃப்ளோர் மேட், அலாய் வீல், ஸ்பீக்கர். நாம் பிரேக்கில் கால் வைப்பதற்குள் பையன்கள் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். ஒரு கடையில் சுவர் முழுக்க டெமோ போர்டு. பட்டனை மாற்றி மாற்றி அமுக்கினால் ஒவ்வொரு ஜோடியாகப் பாடும். பையன் முதல் ஜோடியைப் போட்டான். இரண்டாவதைப் போட்டான். இரண்டாவது கொஞ்சம் சத்தம் அதிகம். சத்தம் ஒரு பிடி கூடினாலே மனிதக் காது அதை 'நல்ல சவுண்ட்' என்று நம்பிவிடும். இது பையனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஒரே பவருக்கு ஒரு ஸ்பீக்கர் அதிகமாகப் பாடுகிறதென்றால் அதன் சென்சிட்டிவிட்டி அதிகம் என்று மட்டுமே பொருள். மூன்று டெசிபல் வித்தியாசம் இருந்தால் மற்றதற்கு இரண்டு மடங்கு பவர் கொடுத்தால்தான் சமமாகும். என் டெக்கின் 15 வாட்ஸுக்கு அதுதான் பார்த்து வாங்கவேண்டிய எண். அதைக் கேட்டு வாங்கியிருந்தால் அறிவு. நான் கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்து, "மிட்ஸ் நல்லா இருக்கு" என்றேன்.

மிட்ஸ் என்றால் பேஸுக்கும் ட்ரெபிளுக்கும் நடுவில் இருக்கும் சத்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. எங்கேயோ படித்த சொல். "கரெக்டா புடிச்சீங்க சார்" என்றான் பையன். மேற்கொண்டு பேரம் பேச நா எழவில்லை. காது உள்ளவன் என்று ஒருவன் ஒத்துக்கொண்ட பிறகு அவனிடம் ஐந்நூறு குறை என்று எப்படிக் கேட்பது?

வாங்கியது என்ன? ஓவல்தான். ஜேபிஎல்லா இன்ஃபினிட்டியா என்று மச்சானும் நானும் ஒரு வாரம் போனில் சண்டை போட்டோம். ஜேபிஎல் பேஸுக்கு, இன்ஃபினிட்டி குரலுக்கு என்பது என் கட்சி, அவன் தலைகீழ். இரண்டுமே ஹார்மன் குழுமத்தின் பிள்ளைகள், அந்த ஹார்மனையே 2017-ல் சாம்சங் வாங்கிவிட்டது என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. அண்ணன் உசத்தியா தம்பி உசத்தியா என்று அவர்கள் வீட்டு வாசலில் நின்று அடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஓவலைப் பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் டிரேயில் ஓட்டை போட்டு மாட்டினார்கள். ஹேட்ச்பேக் வண்டியில் டிக்கிக் கதவைத் தூக்கினால் டிரேயும் கூடவே கயிற்றில் எழும்பும். ஸ்பீக்கரும் எழும்பும். ஒயர் எழும்பாது. காய்கறிப் பையை வைக்க டிக்கியைத் திறந்த ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பக்கம் ஊமையாகும். பிறகு நடுரோட்டில் நின்று டிரேக்கு அடியில் தலையை விட்டு ஒயரைச் செருக வேண்டும். அது போகட்டும். முன்னால் பழைய ஸ்பீக்கர், பின்னால் புது ஓவல் என்றால் பாடகர் நம் பிடரிக்குப் பின்னால் நின்றுதான் பாடுவார். ஆபீஸுக்கு நான் தனியாகப் போகிறவன். யாருமே உட்காராத பின்சீட்டுக்குக் கச்சேரி ஏற்பாடு செய்திருக்கிறேன் என்பது கிண்டி பாலத்தில் ஒரு மழை நாளில் உறைத்தது.

சரி, முன் கதவுக்கு காம்பொனென்ட் ஸ்பீக்கர். ஊஃபர் தனி, ட்வீட்டர் தனி, நடுவில் எதை எங்கே அனுப்புவது என்று பிரித்துக் கொடுக்க ஒரு கிராஸ்ஓவர். ட்வீட்டர் 20,000 ஹெர்ட்ஸ் வரை போகும் என்று பெட்டி சொன்னது. என் பென்டிரைவில் இருந்ததெல்லாம் பர்மா பஜார் எம்பி3 சிடியிலிருந்து இறக்கிய 128 கேபிபிஎஸ் பாட்டு. அதில் சுமார் 16,000-க்கு மேல் எதுவும் மிச்சம் இருக்காது. மிச்சம் இருந்தாலும் நாற்பத்தைந்தைத் தாண்டிய காதுக்கு அந்த உயரம் எட்டாது. ஆக அந்த ட்வீட்டரின் உச்சிப் பகுதி, இல்லாத சத்தத்தைக் கேட்காத காதுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

ஃபிட்டிங் கூலியை மிச்சம் பிடிக்க நானே மாட்டினேன். டோர் பேடைக் கழற்றும்போது கிளிப்பெல்லாம் பட்பட்டென்று போயின. ஊஃபரின் காந்தம் எவ்வளவு ஆழம், கண்ணாடி எங்கே இறங்குகிறது என்று அளக்கத் தோன்றவில்லை. இடது கண்ணாடி பாதி வரை இறங்கி டக் என்று காந்தத்தில் முட்டி நின்றது. ஸ்பீக்கருக்கு அடியில் ஒரு ஸ்பேசர் வளையம் வைத்தால் தீர்ந்தது. வளையம் 300 ரூபாய். அதை வாங்கும்வரை, "ஏசி வண்டியில கண்ணாடி எதுக்கு இறக்கணும்?" என்று வீட்டில் வாதாடிக்கொண்டிருந்தேன்.

உண்மையான கூத்து வலது கதவில். டெக்குக்குப் பின்னால் வருகிற ஒயர்களில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எனக்கு எல்லாமே கோடு போட்டதாகத்தான் தெரிந்தது. மாட்டி முடித்துப் பாட்டைப் போட்டேன். பேஸைக் காணவில்லை. தப்பு செய்துவிட்டோமோ என்று சந்தேகப்படுவதுதான் மனித இயல்பு. நானோ இதுதான் 'டைட் பேஸ்' என்று முடிவு கட்டினேன். சாதாரண ஸ்பீக்கர் தொம்தொம் என்று அடிக்கும், தரமான ஸ்பீக்கர் அடக்கி வாசிக்கும் என்று ஆபீஸில் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். ஒரு நண்பனை உட்காரவைத்து, டி.எம்.எஸ். பாடிய அறுபதுகளின் பாட்டு ஒன்றைப் போட்டு, "ஸ்டேஜ் எவ்ளோ அகலம் பாரு, வயலின் அங்க லெஃப்ட்ல நிக்குது" என்று கையை நீட்டிக் காட்டினேன். அவனும் அந்தத் திசையில் பார்த்து, ஆமாம் என்றான். அந்தக் காலத்துப் பாட்டு மோனோ. இடதிலும் வலதிலும் ஒரே சத்தம்தான் வரும். வயலின் நிற்பதற்கு அதில் லெஃப்டே கிடையாது.

கடைசியில் புதுப்பேட்டையில் ஒரு எலக்ட்ரீஷியன் பாயிடம் வண்டியை விட்டேன். அவர் பாட்டையே போடச் சொல்லவில்லை. டெக்கை வெளியே இழுத்து, டார்ச் லைட் செல் ஒன்றை எடுத்து, இரண்டு துண்டு ஒயரால் இடது ஸ்பீக்கர் முனைகளைத் தொட்டார். கிரில்லைக் கழற்றியிருந்த கதவில் கோன் பட்டென்று வெளியே துள்ளியது. வலதில் தொட்டார். உள்ளே போனது.

"ரைட் சைடு யாரு சார் மாட்டுனது?"

"ஒரு பையன், பாய்."

"அந்தப் பையனுக்கு ப்ளஸ் மைனஸ் தெரியல சார்."

ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். நடுவில் நிற்கவேண்டிய குரலும் இடம் தெரியாமல் கலைந்துபோகும். நான் 'அகலமான ஸ்டேஜ்' என்று காட்டியது இதைத்தான். ஒயரை மாற்றினார். டி.எம்.எஸ். டேஷ்போர்டுக்கு நடுவில் வந்து நின்றார். ஆபீஸ் நண்பனிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் வாங்கியிருந்தேன். அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விரித்தால் வயிறு எரியும். மேலே '2000 வாட்ஸ்' என்று தங்க எழுத்து. பக்கவாட்டில் ஒரே ஒரு 20 ஆம்பியர் ஃப்யூஸ். பாய் அந்த ஃப்யூஸை மட்டும் பார்த்துச் சிரித்தார். 20-ஐ 14.4-ஆல் பெருக்கினால் 288. உள்ளே போவதே அவ்வளவுதான், அதிலும் பாதிக்குக் கிட்ட சூடாகப் போய்விடும். மீதி 1,700 வாட்ஸ் தங்க எழுத்திலேயே தங்கிவிடும். கூட வாங்கிய ஒயர் கிட்டும் அந்த லட்சணம்தான். விரல் தடிமனுக்கு பிளாஸ்டிக், சீவினால் உள்ளே செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியம் செம்பைவிடக் கரண்டைக் கடத்துவதில் ஏறத்தாழ 40 சதவீதம் மட்டம். எர்த் ஒயரை பெயின்ட் சுரண்டாத போல்ட்டில் முடுக்கியிருந்ததால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் 'ஙீ' என்று ஒரு சத்தம் ஏறும். ஒரு மெதுவான பாட்டில் அதைப் புல்லாங்குழல் என்றே ரசித்திருக்கிறேன். மூன்றாவது கியரில் ராகம் மாறியபோதுதான் சந்தேகம் வந்தது.

டாம்பிங் ஷீட் ஒட்டச் சொன்னவரும் பாய்தான். கதவின் உள் தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள். ஸ்பீக்கரின் முதுகிலிருந்து வரும் சத்தம் அந்த வழியாக முன்னால் வந்து பேஸைக் கெடுக்கும். ஓட்டையை அடைத்துத் தகட்டில் பியூட்டைல் ஷீட் ஒட்டினால் கம்பெனி ஸ்பீக்கரே வேறு மாதிரிப் பாடும் என்றார். இரண்டு கதவுக்கு 3,000 சொன்னார். டோர் பேடுக்குள் மறைந்துவிடும் சாமானுக்கு 3,000-ஆ? மச்சானிடம் எதைக் காட்டுவேன்? மொட்டை மாடி ஒழுகலுக்கு வாங்கிய தார் ஷீட் வீட்டில் மிச்சம் இருந்தது. அதை ஒட்டினேன். ஏப்ரலில் ஒன்றுமில்லை. மே மாதத்து வெயிலில் ஒரு நாள் மத்தியானம் வண்டிக்குள் ஏறினால் புதிதாய் ரோடு போட்ட வாசனை. கதவின் அடி ஓட்டையிலிருந்து கறுப்பாக ஒன்று மெதுவாக வடிந்து மனைவியின் புடவைக் கரையைத் தொட்டது. பட்ஜெட்டில் நான் எழுதாத செலவு அது. காஞ்சிபுரம்.

தாரைச் சுரண்டி எடுக்க பாய் தனியாக வாங்கினார். பிறகு பியூட்டைல், அவர் சொன்ன அதே 3,000. இப்போது யாராவது 15,000 ரூபாயோடு வந்தால் என்னிடம் கணக்கு தயார்: கதவுக்கு டாம்பிங் 3,000, முன் ஸ்பீக்கர் 6,000, ஆர்எம்எஸ் பார்த்து ஒரு சின்ன ஆம்ப், அசல் செம்பு ஒயர், மிச்சத்தைக் கூலியாக பாய் கையில். டெக்கை மாற்ற வேண்டாம். பின்னால் எதுவுமே வேண்டாம்.

இதை மச்சானிடம் விளக்கமாகச் சொன்னேன். "பின்னாடி ஓவல் இல்லாம ஒரு வண்டியா மாமா?" என்கிறான். அவனுடைய ஓவலில் ஒரு பக்கம் கிழிந்துபோய் ஒரு மாதமாகக் கரகரக்கிறது. என்னுடையதைப் பாதி விலைக்கு அவன் தலையில் கட்டலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், டிரேயோடு சேர்த்து.