மணிக்கட்டில் ஒரு மருந்துக்கடை

சென்ட்டில் இரண்டு வகை. பூ வகை பூசினால், "எங்கே கல்யாணம்?" என்பார்கள். மூலிகை, மர வகை பூசினால், "உடம்புக்கு என்ன?" என்பார்கள். மச்சினன் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது இரண்டாவது வகை.

பெட்டியில் போட்டிருந்தபடி முதலில் ரோஸ்மேரியும் தைமும் வரும், பிறகு லாவெண்டர், கடைசியில் வெட்டிவேரும் சந்தனமும். இருப்பதெல்லாம் ஒரே புட்டியில்தான். ஆனால் லேசான மூலக்கூறுகள் தோலின் சூடு பட்டதுமே ஆவியாகிவிடும். கனமானவை நிதானமாகக் கிளம்பும். மொய் எழுதிய கையோடு ஓடுகிறவர்களும் கட்டுச்சாதக் கூடை வரை இருக்கிறவர்களும் எந்தக் கல்யாணத்திலும் உண்டல்லவா?

மணிக்கட்டில் அடித்துக்கொண்டேன். தேய்க்கக் கூடாது என்பது மச்சினனின் கட்டளை. கூடத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "ஏன்டா, சளி பிடிச்சிருக்கா? தைலம் வாசனை வருதே!"

ஐரோப்பிய மலைச்சரிவு, மூலிகைக் காற்று என்று விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லிப் பயனில்லை. ரோஸ்மேரியில் இருக்கும் சினியோல்தான் யூகலிப்டஸ் தைலத்திலும் பிரதானச் சரக்கு. பின்னாலேயே வந்த அத்தை, கைக்குழந்தை யாராவது வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். தைமில் இருக்கும் தைமால்தான் ஓமத்திலும் இருக்கிறது. அத்தை தேடியது ஓமவாட்டர் குடித்த குழந்தையை.

அரைமணி கழித்து லாவெண்டர் எழுந்தது. மனைவி அடுப்படியிலிருந்து வந்து, "என்னங்க, தனியா இடிச்சீங்களா?" என்றாள். கொத்தமல்லி விதையின் எண்ணெயில் பாதிக்கு மேல் லினலூல். லாவெண்டரின் வாசனைக்கும் அதுவே முக்கியக் காரணம். எங்கள் வீட்டில் மூன்று வேதியியல் பேராசிரியைகள் சம்பளமில்லாமல் இருக்கிறார்கள்.

சென்ட் கலக்கும் கலைக்குப் பெரிய சரித்திரம் உண்டு. 1882இல் ஊபிகான் நிறுவனத்துக்காகப் பால் பார்க்கே என்பவர் 'ஃபூஜேர் ரோயால்' என்று ஒரு சென்ட் செய்தார். ராஜ பெரணி என்று பொருள். பெரணிச் செடிக்குச் சொல்லிக்கொள்ளும்படி வாசனை கிடையாது. இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று லாவெண்டர், ஓக் மரப்பாசி, கூமரின் எல்லாம் கலந்து பாரிஸை நம்பவைத்துவிட்டார். அந்த வழியில் வந்த சென்ட்டுகளை ஆண்கள் இன்றும் பூசிக்கொள்கிறார்கள். இல்லாத வாசனையை விற்ற ஊரில், இருக்கிற வாசனையைச் சரியாகச் சொல்லும் என் அம்மாவுக்கு வேலை கிடைக்காது.

மதியத்துக்கு மேல் வெட்டிவேர். உலகச் சந்தைக்கு வெட்டிவேர் எண்ணெயைப் பெருமளவில் அனுப்புவது கரீபியக் கடலோரத்து ஹைட்டி. நாம் பானைத் தண்ணீரில் போடும் அதே வேர், பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு மணிக்கட்டில் வந்து உட்காருகிறது. ஆனால் அதற்குள் என் மூக்குக்குப் பழகிப்போய் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் கண்ணை மூடி இழுத்து இழுத்து அனுபவித்தார். டிக்கெட் மட்டும் தனித்தனியாக எடுத்திருந்தோம்.

ராத்திரி அம்மா என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். மிச்சமிருந்தது சந்தனம் மட்டும். முகம் மலர்ந்தது.

"நல்லாத்தான் இருக்கு. உன் மச்சினனை அடுத்த தடவை பெரிய புட்டியா வாங்கிட்டு வரச் சொல்லு."

"உனக்கும் பிடிச்சுப்போச்சா?"

"மழைக்காலம் வருது. நெஞ்சில தேச்சுக்க வேணாமா?"