முன் சுவரில் நான்கு அங்குலத் துளை: ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: அட்லாண்டாவின் வடக்குப் புறநகரில், சங்கத்தின் ஆண்டுச் சந்தாவைத் தவறாமல் கட்டிவரும் ஒரு வீட்டுக்காரர்.

பெறுநர்: கட்டடத் தோற்றப் பரிசீலனைக் குழு, வீட்டுரிமையாளர் சங்கம்.

பொருள்: துணி உலர்த்தும் இயந்திரத்தின் காற்றுக்கு வழி விடுதல் – மறுபரிசீலனை கோருதல் தொடர்பாக.

பார்வை: ‘வீதியிலிருந்து கண்ணுக்குத் தெரிகிறது’ என்று ஒரே வரியில் தாங்கள் அனுப்பிய மறுப்பு.



தபால்பெட்டியின் கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்கலாம், குப்பைத்தொட்டி எத்தனை மணிவரை வாசலில் நிற்கலாம், கிறிஸ்துமஸ் விளக்குகளை எந்தத் தேதிக்குள் கழற்ற வேண்டும் என்று எங்களுக்காக அல்லும் பகலும் கவலைப்படுகிறவர்கள் தாங்கள். தங்களிடம் போய் நான்கு அங்குலத் துளைக்காக நிற்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அது இல்லாமல் எங்கள் வீட்டு மாடியில் ஒரு பனியன்கூடக் காயாது.

வாஷிங் மெஷினும் டிரையரும் இப்போது நிலவறையில் இருக்கின்றன. அழுக்குத் துணி சேர்வதோ மாடிப் படுக்கையறைகளில். கூடையைத் தூக்கிக்கொண்டு இத்தனை படி ஏறி இறங்க என் மாமியாரின் முழங்கால் ஒத்துழைக்காததால் சலவையை மாடிக்கே மாற்றப் பார்க்கிறோம். அவரைத் தங்களுக்கு நினைவிருக்கும். ஊரிலிருந்து வந்த புதிதில் பின்புற டெக்கின் கைப்பிடியில் சேலையை உலர்த்தியவர். அதற்குத் தாங்கள் வண்ணப் புகைப்படத்துடன் நோட்டீஸ் அனுப்பினீர்கள். படம் அருமை. சுங்கடியின் புள்ளிகளை எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவு. அவரே அதை வாங்கிப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

பக்கத்து மாநிலமான புளோரிடாவில் சட்டப் பிரிவு 163.04 இருக்கிறது. துணிக்கொடியைச் சூரிய சக்திக் கருவிகளோடு சேர்த்து வைத்து, தங்களைப் போன்ற சங்கங்கள் அதைத் தடை செய்ய முடியாதபடி செய்துவிட்டார்கள். ஜார்ஜியாவில் உள்ள நம் சங்கத்திலோ கொடி கட்டினால் அபராதம். நியாயமாகச் சொன்னால், வசந்த காலத்தில் பைன் மரங்கள் மகரந்தத்தைக் கொட்டும்போது வெளியே காயப்போட்ட வெள்ளை வேட்டி மஞ்சள் நீராட்டுக்குப் போய் வந்ததுபோல் ஆகிவிடும்; அந்தச் சில வாரங்களுக்குத் தங்கள் தடை எங்களுக்கு நல்லதே. மற்ற மாதங்களில் வெயில் வெளியே வீணாய்க் காய, உள்ளே 240 வோல்ட்டில் துணி காய்கிறது.

ஆக, துணி இயந்திரத்தில்தான் காய வேண்டும். அந்த இயந்திரம் மூச்சு விடுவதும் வெளியே தெரியக் கூடாது. இரண்டும் தங்கள் விதிகளே.

புதிய சலவை அறைக்கு நாங்கள் பார்த்துவைத்திருப்பது மாடியின் முன்பக்கத்தில் உள்ள துணி அலமாரி அறை. தண்ணீரும் வடிகாலும் அருகிலுள்ள குளியலறையிலிருந்து வந்துவிடும். டிரையரிலிருந்து வெளிச்சுவருக்கு நேராக ஆறடிக் குழாய், ஒரு வளைவுகூட இல்லை. வேலைக்கு வந்தவர் நாடாவை நீட்டிப் பார்த்துவிட்டு, இப்படியொரு வழி எல்லா வீட்டுக்கும் வாய்க்காது என்றார். அவர் பார்த்தது காற்றின் வழி. தாங்கள் பார்த்தது வீதியின் வழி.

தாங்கள் பரிந்துரைத்த ‘பின்பக்க வழி’யையும் உரிய மரியாதையுடன் அளந்தோம். மாடித் தரைக்கு அடியில் கொண்டுபோகலாம் என்றால், எங்கள் வீட்டு உத்தரச் சட்டங்கள் குறுக்கே ஓடுகின்றன. அவற்றின் ஆழம் ஒன்பதே கால் அங்குலம். ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துளையிடக் கூடாது, அதாவது சுமார் மூன்று அங்குலம். டிரையர் குழாய்க்கோ நான்கு வேண்டும். உத்தரத்தை வெட்டிவிடலாம்தான், வீதியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, வீடு தொய்யும்வரை.

சரி, கூரைக்கடியில் உள்ள பரண் வழியாகப் பார்த்தோம். மேலே ஏறி, வீட்டைக் கடந்து, பின்சுவருக்குள் இறங்கி வெளியே வர 31 அடிக் குழாய், மூன்று முழங்கைகள். ஜார்ஜியா ஏற்றிருக்கும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பில் எம்1502 என்ற பகுதியைத் தாங்கள் வாசித்திருக்க நேரமிருந்திராது. டிரையர் உற்பத்தியாளரின் கையேடு வேறு கணக்குத் தராதவரை குழாயின் நீளம் 35 அடிக்கு மேல் போகக் கூடாது என்கிறது அது. ஒவ்வொரு சாதாரணச் செங்கோண முழங்கைக்கும் அதில் 5 அடி கழியும். 15 போனால் மிச்சம் 20. முப்பத்தொன்றை இருபதுக்குள் எப்படி அடைப்பது? பத்து அங்குல ஆரத்தில் வழுவழுப்பாக வளையும் முழங்கை போட்டால் ஒன்றுக்கு ஒன்றரை அடிதான் கழியும் என்பதால் ஆசையோடு மறுபடி கணக்குப் போட்டேன். முப்பதரை வந்தது. அரை அடி இடித்தது. வீட்டை அரை அடி சுருக்கத் தங்கள் குழுவிடம் தனிப் படிவம் இருந்தால் அனுப்பிவைக்கவும்.

நீளத்துக்கு ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்று தாங்கள் கேட்கலாம். ஒரு நடை ஈரத்துணியில் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் ஆவியாகி வெளியேற வேண்டும். கூடவே துணியிலிருந்து உதிரும் பஞ்சுத்தூசியும் போகும். வடிகட்டி எல்லாவற்றையும் பிடித்துவிடாது. குழாய் நீள நீள, வளைவு கூடக் கூடக் காற்றின் வேகம் செத்து, தூசி வழியிலேயே தங்கிவிடும். குளிர்காலத்தில் சில்லிட்ட பரணுக்குள் அதே ஆவி குழாய்ச் சுவரில் நீராகப் படிந்து தூசியைப் பசையாக்கும். பிறகு ஒரு மணி நேரத்தில் காய வேண்டிய துணிக்கு இரண்டு மணி நேரம். பிறகு தீ. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தரவுகளை வைத்து, குடியிருப்புகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் என்று கணக்கிட்டது. காரணங்களில் முதலிடம், சுத்தம் செய்யாமல் விட்டது. பரணுக்குள் ஒளிந்திருக்கும் குழாயை யார் சுத்தம் செய்வார்கள்? தீயணைப்பு வண்டி வந்து நின்றால் அதுவும் வீதியிலிருந்து கண்ணுக்குத் தெரியும், அதுவும் நல்ல சிவப்பில்.

தங்கள் செயலாளர் தொலைபேசியில் அன்போடு சொன்ன மாற்று யோசனைகளுக்கும் நன்றி. ‘பரணிலேயே விட்டுவிட்டால் என்ன?’ விடலாம், பூஞ்சைக்காளான் வளர்ப்பது நோக்கமென்றால். குழாய் கட்டடத்துக்கு வெளியே முடிந்தாக வேண்டும் என்று அதே கட்டட விதி அடித்துச் சொல்கிறது. ‘கூரை வழியாக?’ கூரையில் எதற்காகத் துளைத்தாலும் பின்சரிவில்தான் துளைக்க வேண்டும் என்று தங்கள் கையேட்டின் இன்னொரு பக்கம் சொல்கிறது. திரும்பவும் வீட்டைக் கடக்க வேண்டும். மேலும் அந்த மூடியில் அடைக்கும் தூசியை எடுக்க என் மாமியார் கூரையேற மாட்டார். ‘முன் சுவரிலேயே வைத்து அழகான வலை போட்டு மறைத்தால்?’ இந்த யோசனையைக் கேட்டுத்தான் வேலைக்கு வந்தவர் உரக்கச் சிரித்தார், மன்னிக்கவும். வெளி வாயில் வலை போடவே கூடாது. இரண்டே மாதத்தில் அந்த வலை தூசியால் கம்பளி நெய்துவிடும். காற்று திரும்பி வராமல் தடுக்கும் தட்டு போதும், அதுதான் விதி.

ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் முன் சுவர் நிறைவேற்றுகிறது. மூடிக்குச் சுவரின் நிறத்தையே பூசித் தருகிறேன். அதற்கு முன்னால் கண்ணை உறுத்தாமல் ஒரு ஹாலி மரம் வளர்க்கவும் தயார், காற்றை மறிக்காத தூரத்தில். நம் தெருவில் இதே சுவர்களில் ஏற்கெனவே குளியலறைக் காற்று வெளியேறும் மூடிகள் இருக்கின்றன. தலைவர் வீட்டில் இரண்டு. அவை அழகில்லை என்று யாரும் சொன்னதில்லை. யாரும் பார்த்ததுகூட இல்லை என்பதே என் சந்தேகம்.

துளையே வேண்டாத ஹீட் பம்ப் டிரையர்களும் இப்போது கிடைக்கின்றன. ஆவியை உள்ளேயே நீராக்கி வடிகாலில் விட்டுவிடும். மின்சாரமும் குறைவு. விலை அதிகம், துணி காய நேரமும் அதிகம். வீதியின் அழகுக்காக அதை வாங்குவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. விலை வித்தியாசத்தை என் ஆண்டுச் சந்தாவில் கழித்துக்கொள்ளச் சம்மதம் என்று தலைவர் கையொப்பமிட்டால் போதும்.

இன்னொரு சிறு விளக்கம் தேவை. குழாயின் கணக்கு நீளத்தை ஒரு நிரந்தரச் சீட்டில் எழுதி, டிரையர் இணைப்புக்கு அருகில் ஒட்ட நினைக்கிறேன். அது வீட்டுக்குள்தான் இருக்கும். என்றாலும் அதன் எழுத்துரு, நிறம் பற்றிக் குழுவுக்குக் கருத்து இருக்கக் கூடும் என்பதால் முன்கூட்டியே கேட்டுவைக்கிறேன்.

பதிலுக்கு நான் அவசரப்படுத்தவில்லை. இப்போது கோடை விடுமுறை. உறுப்பினர்கள் கடற்கரைக்குப் போயிருப்பீர்கள். நம் சங்க விதிகளில், முழு விண்ணப்பம் கிடைத்து 30 நாளுக்குள் குழு பதில் தராவிட்டால் அனுமதி அளித்ததாகவே கருதப்படும் என்று ஒரு வரி இருக்கிறது. அளவுகள், வரைபடம், மூடியின் நிற மாதிரி எல்லாவற்றையும் இத்துடன் இணைத்து, ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நிதானமாக ஆலோசியுங்கள். துளை போடுகிறவரை 31ஆம் நாளுக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த உறுப்பினர்