மடித்த முழுக்கை: காதல் நாவல் நாயகனின் ஈர்ப்பு – திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. நோக்கம்

காதல் நாவலில் வரும் நாயகனை ஏன் பிடிக்கிறது என்று எந்த வாசகியிடம் கேட்டாலும் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுவார். ஒரே மூச்சில் பதில் வரும் கேள்விக்கு எந்தப் பல்கலைக்கழகமும் முனைவர் பட்டம் தருவதில்லை. ஆகவே இவ்வாய்வு வாசகியிடம் கேட்பதைக் கடைசி வரை ஒத்திப்போட்டு, கேள்வியைச் சுற்றிக் கிரிவலம் வருகிறது. அணுகுமுறை: விளக்கமுறை. விளக்க முடியாத இடங்களில் ஒப்பீட்டுமுறை. ஒப்பிடவும் முடியாத இடங்களில் ‘இது மேலாய்வுக்குரியது’ என்ற முறை.

2. எல்லை

கிழக்கே நத்தம், மேற்கே ஒட்டன்சத்திரம், வடக்கே வேடசந்தூர், தெற்கே நிலக்கோட்டை, நடுவே மலைக்கோட்டை. பனம்பாரனார் பாயிரத்தில் எல்லை சொல்லி முடித்த பிறகுதான் தொல்காப்பியமே தொடங்குகிறது. நமக்கும் அந்த ஒழுங்கு வேண்டும்.

கொடைக்கானல் இவ்வாய்வில் இல்லை. 1985 செப்டம்பர் 15-ல் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் மாவட்டம் உருவானபோது கொடைக்கானலும் நம்மோடுதான் வந்தது. ஆனாலும் 2,100 மீட்டர் உயரத்தில் காதலிப்பவரையும் வேடசந்தூர் வெயிலில் காதலிப்பவரையும் ஒரே தராசில் வைப்பது முறையன்று. தவிர, நாயகன் அங்கேதான் இருக்கிறான். தரவு கிடைக்கும் இடத்தில் ஆய்வு செய்வது மரபன்று.

இதில் சமவெளிக்காரர்களுக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. நாயகனுக்குக் கொடைக்கானலில் எஸ்டேட் இருக்கும். அதற்காக அவன் ரயிலில் வந்து இறங்கும் கொடை ரோடு ஸ்டேஷன் இருப்பதோ அம்மையநாயக்கனூரில், அப்பழுக்கற்ற சமவெளியில். இறங்குவான், காத்திருக்கும் காரில் ஏறுவான், நிலக்கோட்டையையும் வத்தலக்குண்டையும் அரை வாக்கியத்தில் தாண்டுவான், மீதி அரை வாக்கியத்தில் ஸ்வெட்டரோடு நிற்பான். நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் ஒரு முழம் மல்லிகை வாங்கக்கூட வண்டியை நிறுத்தியதில்லை. குறிஞ்சிக்குப் புணர்தல் என்று இலக்கணம் வகுத்தவர்கள் செய்த வேலை இது. நீலக்குறிஞ்சியே 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கிறது. 2006-ல் பூத்தது, பிறகு 2018-ல் பூத்தது. மாத நாவலில் அது மாதாமாதம் பூக்கிறது.

3. முன்னாய்வுகள்

சமவெளிக்கு நாவல் புதிதல்ல. வத்தலக்குண்டில் பிறந்த பி.ஆர். ராஜம் ஐயர் ‘கமலாம்பாள் சரித்திர’த்தை 1893-ல் ‘விவேக சிந்தாமணி’யில் எழுதத் தொடங்கினார். அதில் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்று ஒரு தமிழ்ப் பண்டிதர் வருகிறார். அவரை நகைச்சுவைப் பாத்திரம் என்று விமர்சகர்கள் ஒதுக்கிவிட்டார்கள். இவ்வாய்வாளர் அவரைத் தம் நெறியாளராக ஏற்கிறார். வேறு பலரும் ஏற்கெனவே ஏற்றிருக்கிறார்கள். முன்னுரையில் நன்றி சொல்லத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அதே வத்தலக்குண்டுக்காரரான சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ நாயகன் பிச்சிக்கு வீரம், வைராக்கியம், அப்பனுக்காகத் தீர்க்கவேண்டிய கணக்கு எல்லாம் உண்டு. ஆனால் அவன் பார்வை முழுக்கக் காளை மேல். ஆய்வுக்கு உதவவில்லை.

இத்துறையின் மூலநூல்கள் ரமணிச்சந்திரனுடையவை. நூற்றுக்கும் மேல் எழுதியவர். பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடைகளில் அவர் பெயரைச் சொன்னால் போதும், நாவலின் பெயர் தேவைப்படாது. ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலில் இவர் பெயரைக் காண்பது அரிது. ஆய்வாளர்களின் வீட்டில், கட்டிலுக்கு அடியில் காண்பது அரிதன்று.

4. பத்துப் பொருத்தம்

தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்கவேண்டிய ஒப்புமை பத்து என்று தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பட்டியலிடுகிறது. அவ்வரிசையிலேயே நாயகனை நிறுத்திப் பார்ப்போம்.

4.1 பிறப்பு. பணக்கார வீடு.

4.2 குடிமை. அப்பா இருக்கமாட்டார். அம்மா இருந்தால் கோயிலுக்குப் போவார். அத்தை கட்டாயம் இருப்பார். அவருக்கு ஒரு மகளும் இருப்பாள்.

4.3 ஆண்மை. தொழில் நடத்துவான். என்ன தொழில் என்று நாவல் சொல்லாது; ‘கம்பெனி’ என்று மட்டும் சொல்லும். இங்கேதான் திண்டுக்கல் தோற்கிறது. நம்மூரில் கம்பெனி என்றால் நூற்பாலை, பூட்டுப் பட்டறை, தோல் ஷாப்பு. நூற்பாலை முதலாளி பருத்தி விலையையும் கரண்ட் பில்லையும் பார்த்துக்கொண்டிருப்பார். நாயகியைப் பார்க்க நேரமிராது. தோல் ஷாப்பு முதலாளி அருகில் வந்தால் ‘அவன் மேனியின் இனிய நறுமணம்’ என்ற வரியை எழுத்தாளர் அடிக்கவேண்டி வரும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைக் கையால் அராவி அராவிச் செய்பவர், நாயகியின் இதயத்தைத் திறக்கும் நுட்பம் தெரிந்தவராக இருந்தும், இதுவரை எந்த மாத நாவலிலும் இவ்வாய்வாளர் கண்ணில் படவில்லை.

4.4 ஆண்டு. இருபத்தெட்டு. சில பிரதிகளில் முப்பது. இந்த இரண்டு ஆண்டு வேறுபாட்டை இவ்வாய்வாளரால் தீர்க்க முடியவில்லை. தொல்காப்பியத்தின் காலத்தில் ஆயிரம் ஆண்டு கூட்டிக் குறைத்து அன்றாடம் சண்டையிடும் அறிஞர்கள், ஓய்வு கிடைக்கும்போது இதையும் தீர்த்துவைக்கலாம்.

4.5 உருவு. உயரம், நிறம், தலைமுடி ஆகியவை எல்லோரும் சொன்னவை. யாரும் சொல்லாதது முழுக்கைச் சட்டை. நாயகன் அரைக்கைச் சட்டை போடமாட்டான். முழுக்கை போட்டு, அதை முழங்கை வரை மடித்துவிடுவான்.

இதற்கு ஆதாரம், நகரின் வாடகை நூலகம் ஒன்றில் கிடைத்த ஒரு பிரதி. முன்னட்டையும் முதல் பதினாறு பக்கங்களும் இல்லாததால் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் தெரியவில்லை. பதிப்புத் துறையில் இது குறையன்று, தகுதி. இப்பிரதிக்குப் பக்க ஓரங்களில் மூன்று உரைகள் உள்ளன. பெயர் தெரியாத சங்கப் புலவரை அவர் பாட்டில் வந்த தொடராலேயே செம்புலப்பெயனீரார் என்று அழைத்தார்கள். அம்மரபுப்படி இவ்வுரையாசிரியர்களை நீலமையார், சிவப்புப்பேனாவார், குழம்புக்கறையார் என்று அழைப்போம்.

41-ஆம் பக்கத்தில் நாயகன் முதன்முதலாகக் கையை மடிக்கிறான். நீலமையார் உரை: “அய்யோ!” (நீலமை. 41, மேல் ஓரம்). சொற்சுருக்கத்தில் இதை விஞ்சிய உரை தமிழில் இல்லை. சிவப்புப்பேனாவார் தடை எழுப்புகிறார்: “இவன் எதுக்கு மடிக்கிறான்? ஒரு வேலையும் செய்யலயே” (சிவ.பேனா. 41, இடது ஓரம், ஒப்புநோக்குக 63, 88, 88-ல் ‘மறுபடியுமா’ என எழுதி அடித்து, ‘திரும்பவுமா’ எனப் பாடபேதம்). குழம்புக்கறையார் எழுத்தால் உரை செய்யவில்லை, கட்டைவிரலால் செய்திருக்கிறார். மடிப்பு வரும் வரியின் மேலேயே அந்த ரேகை படிந்திருக்கிறது. அடுப்படியிலிருந்து கையைத் துடைக்காமல் ஓடிவந்து இந்த இடத்தை அவர் மறுபடி படித்திருக்கிறார் என்பது துணிபு (குழம்பு. 41, வலது கீழ்மூலை, எதிர்ப்பக்கத்தில் ஊறிய நிழற்படிவம், இரண்டாம் ரேகை தெளிவாக, மூன்றாம் ரேகை சிதைவுற்று).

கறை எந்தக் குழம்பு என்பதில் கருத்துவேறுபாடு உண்டு. சாம்பார் என்பர் ஒரு சாரார். தாளிச்சா என்பது இவ்வாய்வாளர் துணிபு. தாளிச்சா எனின் அன்று வீட்டில் பிரியாணி. பிரியாணி எனின் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு எனின் வீட்டு ஆண்கள் சாப்பிட்டு உறங்கியிருப்பர். ஆகவே வாசிப்பு நேரம் பிற்பகல் மூன்று மணி (மேலும் காண்க: அதே பிரதி, பின்னட்டையின் உட்புறம், பென்சிலில் பால் கணக்கு, ஞாயிறு அரை லிட்டர் கூடுதல், அதன் கீழ் ‘சின்னவனுக்கு நோட்டு’, அதன் கீழ் பாதி அழிந்த ஒரு கோலம், ஒன்பது புள்ளி, ஊடுபுள்ளி இனம்). கீழடிக்கு வெளியே சமவெளியில் இத்துணை அடுக்குகள் ஒரே குழியில் கிடைத்ததில்லை.

களப்பணியும் செய்யப்பட்டது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் முழுக்கையை மடித்துவிட்டவர்கள்: டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர், தம் உடைக்கும் பிரியாணி மாஸ்டர், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றுகிறவர். யாரையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாஸ்டரை மட்டும் பார்த்தார்கள், அது அண்டாவை. ஆக, வேலைக்காக மடிக்கும் கை ஈர்ப்பதில்லை, வேலையில்லாமல் மடிக்கும் கைதான் ஈர்க்கிறது என்ற கருதுகோளுக்கு இவ்வாய்வாளர் வந்து, கருத்தரங்கில் படித்து, பையும் சான்றிதழும் மதிய உணவும் பெற்றுக்கொண்டார். கட்டணம் கட்டிய எல்லோருக்கும் அவை கிடைத்தன. கட்டுரையை யாரும் மறுக்கவில்லை. அடுத்த அமர்வில் தாளிச்சா இருந்தது.

4.6 நிறுத்த காம வாயில். அத்தியாயம் முடிந்தது, விளக்கு அணைந்தது. அடுத்த அத்தியாயம் காலை காபியில் தொடங்குகிறது.

4.7 நிறை. கட்டாயத்தில் கல்யாணம் செய்துகொண்டு, ஆறடி உயரமுள்ளவன் ஆறு மாதம் நாலரை அடி சோபாவில் படுத்திருப்பான். முதுகுவலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

4.8 அருள். இது பற்றிப் பிறகு.

4.9 உணர்வு. இரண்டு வெளிநாட்டுப் பட்டம் வாங்கியவன், நாயகியிடம் ‘அது யார்?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாவல் நாற்பதாவது பக்கத்தில் முடிந்திருக்கும். கேட்கமாட்டான். அன்று அவளோடு நின்றது அவள் அண்ணன் என்பது நூற்றைம்பதாம் பக்கத்தில்தான் அவனுக்குத் தெரியும். இவ்வழக்கத்துக்குப் பிறப்பிடம் கோரும் உரிமை வத்தலக்குண்டுக்கே உண்டு. ‘கமலாம்பாள் சரித்திர’த்தின் இன்னொரு பெயரே ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’. முத்துசுவாமி ஐயர் மனைவி மேல் கிளம்பிய வம்பைக் கேட்டு மனமுடைந்து ஊரைவிட்டே போகிறார். வீட்டுக்குள் போய் அவளைக் கேட்கவில்லை. அன்று அது வேதாந்தத்தில் முடிந்தது. இன்று கொடைக்கானலில் முடிகிறது.

4.10 திரு. பணம். பிறப்பிலேயே சொல்லியாயிற்று. கூறியது கூறல் நூற்குற்றம் பத்தில் ஒன்று என்றும் தொல்காப்பியமே சொல்கிறது. ஆனால் பணத்தை ஒருமுறை சொன்னால் போதாது என்பது உலக வழக்கு. 1813-ல் ஜேன் ஆஸ்டின் தம் நாயகன் டார்சியை நடன மண்டபத்துக்குள் விட்ட கையோடு, ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்டு வருமானம் என்ற சேதியையும் கூடவே விட்டார். அவன் குணத்தை அறிய அதன்பின் பாதி நாவல் ஆயிற்று.

5. விவாதம்

ஒப்புமை பத்தைச் சொன்ன கையோடு அடுத்த நூற்பாவில், காதலரிடையே இருக்கக்கூடாதவற்றையும் தொல்காப்பியம் சொல்கிறது: கொடுமை, வன்சொல், புறமொழி, பொச்சாப்பு என்று நீள்கிறது அந்தப் பட்டியல். நாவலின் முதல் பாதியில் நாயகனிடம் இவை அத்தனையும் இருக்கின்றன. அவன் இரண்டாம் நூற்பாவில் பிறந்து, மெல்ல நகர்ந்து, கடைசி அத்தியாயத்தில் முதல் நூற்பாவுக்கு வந்து சேர்கிறான். காதல் நாவல் என்பது இந்த ஒரு நூற்பாத் தூரம்தான்.

எந்தப் பக்கத்தில் நகர்கிறான்? மேற்படி பிரதியில் 163-ஆம் பக்கம். நாயகிக்குக் காய்ச்சல். வேலைக்காரர் இல்லை. நாயகன் முழுக்கையை மடிக்கிறான், அடுப்படிக்குப் போகிறான், கஞ்சி வைக்கிறான். 4.8-ல் நிறுத்திவைத்த அருள் இதுதான். இங்கே மூன்று உரைகளும் முதன்முறையாக ஒன்றுபடுகின்றன. நீலமையார் வரியின் கீழ் இரண்டு கோடு போடுகிறார். சிவப்புப்பேனாவார், “இப்ப சரி” என்று எழுதித் தம் 41-ஆம் பக்கத் தடையை விலக்கிக்கொள்கிறார். குழம்புக்கறையாரின் கறை இப்பக்கத்தில் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படித்திருக்கிறார்.

கருத்தரங்கில் கைதட்டு வாங்கிய கருதுகோள் இத்துடன் விழுந்தது. சான்றிதழைத் திருப்பிக் கேட்கும் விதி இல்லை.

6. வாசகியிடம் கேட்டது

வேறு வழியில்லாமல், வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலை ஒன்றில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்ற ஒரு சகோதரியிடம் கேட்கப்பட்டது. கையில் நாவல் இருந்தது. “இதுக்கா இம்புட்டு எழுதிருக்கீக? கேக்காமயே கஞ்சி வச்சுக் குடுப்பான். கடைசில ‘தப்பு என் மேலதான்’னு அவனா வாயத் தெறந்து சொல்லுவான். நம்ம பக்கம் ரெண்டும் நடக்காதுண்ணே, அதான் படிக்கிறோம்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அமெரிக்காவில் ஜானிஸ் ராட்வே என்ற பேராசிரியர் காதல் நாவல் வாசிக்கும் பெண்களிடமே போய் உட்கார்ந்து கேட்டு, 1984-ல் ஒரு நூல் வெளியிட்டார். நாயகனின் முரட்டுத்தனத்தை அப்பெண்கள் விரும்பவில்லை, அது கனிவாக மாறும் இடத்தைத்தான் தேடிப் படிக்கிறார்கள் என்றார். எல்லோரையும் கவனித்துக்கொள்ளும் பெண், கதையிலாவது யாரோ தன்னைக் கவனிப்பதைப் பார்க்கிறாள் என்றார். அது நல்ல நூல். வேடசந்தூர் பஸ் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் நமக்கும் ஒரு நூல் கிடைத்திருக்கும்.

7. முடிவுகளும் பரிந்துரைகளும்

ஒன்று, பத்துப் பொருத்தத்தில் எட்டாவது மட்டும் போதும். மற்ற ஒன்பதும் அட்டைப்படத்துக்கு. இரண்டு, எஸ்டேட் அவசியமில்லை. அடுப்படி எல்லா வீட்டிலும் இருக்கிறது. மூன்று, காதல் நாவல் பற்றி ஆய்வு செய்வோர் ஒன்றையாவது கடைசிப் பக்கம் வரை படிக்கவேண்டும்.

வாடகை நூலக வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். புத்தக ஓரத்தில் எழுதுவதை நிறுத்தாதீர்கள். எழுதும்போது தேதியும் ஊரும் போடுங்கள். கறை பட்டால் என்ன குழம்பு என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதைக் கண்டுபிடிக்க ஒருவர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிடுவார்.