நிறுவையும் நிரலாளரும்: மலைநாட்டிலிருந்து ஓர் ஆய்வு

மென்பொருள் நிறுவனங்களில் அளவீடு என்றாலே ஊழியர் முகம் சுளிப்பதேன்? இவ்வினாவை ஆராய்ந்த அறிஞர் எவரும் குண்டசாலைப் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை. கண்டியை ஆண்ட நரேந்திரசிங்கன் (1707–1739) இங்கே மாளிகை கட்டிக்கொண்டு அரசாண்டவன். வீட்டிலிருந்தே வேலை பார்த்த அந்த முன்னோடியிடம், இன்று எத்தனை மணிக்கு உள்நுழைந்தீர் என்று எந்த மந்திரி கேட்டிருப்பார்?

ஆனால், இந்த அளவீட்டின் மூலம் அரண்மனையில் இல்லை. தேயிலை மலையில் இருக்கிறது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார். மென்பொருட்காரர் நின்றபடி நடத்தும் காலைக் கூட்டம், தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுதான். யார் என்ன செய்தார் என்று காட்டும் அவர்களுடைய வண்ணப் பலகை, நாட்பேர் பதியும் நம்முடைய செக்ரோல். இதற்கு மேல் ஒப்புமை தேடுவது ஆய்வாளர் சம்பளத்துக்குக் கட்டாது.

நிறுவையைக் கவனியுங்கள். கொழுந்துப் பையைத் தராசில் கொளுவியதும் அதைப் பறித்த அக்கா முள்ளைப் பார்ப்பார். கணக்கப்பிள்ளை கொப்பியைப் பார்ப்பார். முள் 14இல் நின்றால் கொப்பியில் 12 விழும். பைக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று. மழை பெய்து பத்து நாளானாலும் ஈரம் ஈரந்தான். ஆக, தராசின் மேல் யாருக்கும் கோபமில்லை. கோபமெல்லாம் கழிவின் மேல்.

மென்பொருளிலும் இதே கதைதான். நோக்கத்தைச் சொல், கேள்வியைக் கேள், பிறகு அள என்றார் மேரிலாந்துப் பேராசிரியர் விக்டர் பசிலி. அலுவலகங்களிலோ ‘இது முன்னேற்றத்துக்கு மட்டுந்தான்’ என்று வாங்கிய எண், சம்பள உயர்வு பேசும் நாளில் மேசைமேல் வந்து குந்திக்கொள்கிறது. 1982இல் ஆப்பிள் நிறுவனம், வாரத்துக்கு எத்தனை வரி எழுதினீர் என்று கேட்டுப் படிவம் நீட்டியது. நிரலைச் சுருக்கிச் சீராக்கியிருந்த பில் அட்கின்சன் ‘−2000’ என்று நிரப்பினார். பிறகு அவரிடம் படிவம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். மலையில் அப்படி எழுதினால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்கூடக் கிடைக்காது.

2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயானதும் பல தோட்டங்களில் ஒரு பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, பறிக்க வேண்டிய கிலோவும் ஏறிற்று. அளவுகோல் வளரும் என்பது இவ்வாய்வின் துணைக் கண்டுபிடிப்பு.

பரிந்துரை ஒன்றே. முகாமையாளர்களின் கூட்டங்களை முதலில் நிறுத்து, ஈரத்துக்குக் கழித்து, மிச்சத்தைச் செக்ரோலில் ஏற்றி, எல்லாரும் பார்க்கும்படி வாசலில் ஒட்ட வேண்டும். முன்வரும் நிறுவனத்துக்குத் தராசை நானே கொண்டுவருகிறேன். பஸ் காசு மட்டும் தந்தால் போதும்.