'ஒண்ணுமில்ல'ன்னா என்னமோ இருக்கு

வா தாயி, உக்காரு. நாலு வருசம் நர்ஸ் படிப்புப் படிச்சு முடிச்சிட்ட. திங்கக்கிழமை பெரியாஸ்பத்திரியில டூட்டி. யூனிஃபார்ம் இஸ்திரி போட்டு ஆணியில தொங்குது. நான் கைநாட்டு, அறுபது வருசம் ஆட்டுக்குப் பின்னால நடந்தவன். உனக்குப் புத்தி சொல்ல எனக்கென்ன யோக்கியதை? ஒண்ணே ஒண்ணுதான். நீ நோயாளியப் பத்திப் படிச்சவ. நான் நோயாளியாப் படுத்தவன்.

ஆட்டுக்காரனுக்கு ஒரு வசதி இருக்கு. ஆடு பேசாது. அதனால பாத்தாகணும். அசை போடுதா, காது தொங்குதா, மந்தைய விட்டு ஒதுங்கி நிக்குதா, விலா எப்பிடி ஏறி எறங்குது? உன் தொழில்ல உள்ள தொந்தரவே நோயாளி பேசுவான்ங்கிறதுதான். அதுவும் நம்ம ஊரு ஆளு! "என்ன செய்யுது தாத்தா?"ம்ப. "ஒண்ணுமில்லம்மா"ம்பான். நீயும் அதையே கேஸ் ஷீட்டுல எழுதிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருவ. அவன் வாயத் தொறந்ததும் உன் கண்ணுக்கு லீவு.

போன வருசம் குடலிறக்கத்துக்கு ஓர் ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன்ல, அப்ப 7-ம் நம்பர் கட்டில்ல என் வயசு ஆளு ஒருத்தர். காலையில வயித்துல ஆபரேசன். பொழுது சாயவும் போர்வைய இழுக்காரு, தள்ளுதாரு, தண்ணி தண்ணிங்காரு. சாயங்கால சிஸ்டர் வந்து பிபி பாத்துச்சு. 110/70. "நார்மல்தான். வயசாயிருச்சுல்ல, அதான் உளறுறாரு"ன்னுட்டுப் போயிருச்சு. பக்கத்துக் கட்டில்ல கெடந்த எனக்கு ஏன்டா வயசாச்சுன்னு ஆயிருச்சு.

நைட் டூட்டிக்கு வேற பொண்ணு. மிஷினத் தொடுறதுக்கு முந்தி அவரு காலத் தொட்டுச்சு. சில்லுன்னு இருந்திருக்கு. பேச்சுக் கொடுக்காம, வாட்சப் பாத்துக்கிட்டு, நெஞ்சு ஏறி எறங்குறத முழுசா ஒரு நிமிசம் எண்ணுச்சு. 26. நாடி 116. பெறகு அவரு மக கிட்ட ஒரே கேள்வி: "நேத்தும் இப்பிடித்தான் பேசினாரா?" "இல்ல சிஸ்டர், நேத்து சீட்டுக் கணக்கு அம்புட்டையும் மனக்கணக்காச் சொன்னாரு." உடனே போனை எடுத்துச்சு. உள்ள ரத்தக்கசிவு. ராவோட ராவா திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோயி, ஆளு பொழைச்சுக்கிட்டாரு.

நீ ராத்திரி உருப்போடுறப்ப நான் தூங்குற மாதிரி கெடந்து கேட்டவன்தான். பெரியாளுக்கு மூச்சு நிமிசத்துக்கு 12-லருந்து 20. நோயாளி மோசமாகுறத முன்கூட்டியே கண்டுபிடிக்க இங்கிலாந்து டாக்டர்மாரு சங்கம் 2012-ல மார்க் அட்டை ஒண்ணு கொண்டாந்துச்சாம். மூச்சு 25-ஐத் தொட்டா அதுக்கு மட்டும் 3 மார்க். 2017-ல திருத்துறப்ப, புதுசா வந்த உளறலுக்கும் 3. பள்ளிக்கூடத்துல மார்க் கூடினா மிட்டாய் கொடுப்பாக. இதுல கூடினா ஓடணும். உள்ளுக்குள்ள ரத்தம் ஒழுகுறப்ப உடம்பு நாடியையும் மூச்சையும் வெரட்டி, பிபிக்கு முட்டுக் கொடுத்து நிறுத்துமாம். பிபி விழுந்தா முட்டு முறிஞ்சிருச்சுன்னு அர்த்தம். அதுக்குப் பெறகு ஓடி என்ன செய்ய? ஆனா நான் படுத்திருந்த வார்டுல எல்லாச் சீட்டுலயும் மூச்சு 20, 20, 20. ஊரே ஒரே தாளத்துல மூச்சு விட்டா அது வார்டு இல்ல தாயி, பஜனை மடம்.

சரி, கண்ணு பாத்துருச்சு. வாய் என்ன செய்யும்? "சார், தூங்கிட்டீங்களா? ஒண்ணுமில்ல சார், 7-ம் பெட் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்காரு..." டாக்டரும் தூக்கத்துலயே "பாத்துக்கோம்மா"ம்பாரு. அந்தப் பொண்ணு அப்பிடி இழுக்கல. "சார், 7-ம் பெட்டுக்கு நாடி 116, மூச்சு 26, காலு சில்லுன்னு இருக்கு, புதுசா உளறுறாரு. காலையில வயித்து ஆபரேசன். பிபி 110/70தான், ஆனா உள்ள ரத்தம் கசியுதோன்னு பயமா இருக்கு. நீங்க இப்பவே வந்து பாக்கணும்." நிலைமை, பின்னணி, தன் கணிப்பு, வேணுங்கிறது. நாலும் அதுல இருக்கு. இது அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்காரன் வழக்கம், ஆஸ்பத்திரி பெறகு எடுத்துக்கிட்டதுன்னு நீதான் படிச்ச. தண்ணிக்கு அடியில நின்னு "ஒண்ணுமில்ல சார்"னு இழுத்தா கப்பல் கரை சேருமா?

டாக்டர் போன்ல மருந்து சொன்னா திருப்பிச் சொல்லு. 'ஃபிப்டீன்'னும் 'ஃபிப்டி'யும் தூக்கக் காதுக்கு ஒண்ணுதான். இன்சுலினுக்கு ஒண்ணு இல்ல. "ஒண்ணு, அஞ்சு, பதினஞ்சு யூனிட்தானே சார்?"னு கேளு. மளிகைக்கடை அண்ணாச்சியே "அரைக்கிலோ உளுந்து"ன்னு திருப்பிச் சொல்லிட்டுத்தான் பொட்டலம் மடிக்காரு.

டாக்டருக்குச் சொன்னாப் போதாது, எங்களுக்கும் வெளங்கச் சொல்லணும். என் ஆபரேசனுக்கு முந்தின ராத்திரி "காலையில ஒண்ணும் சாப்பிடக் கூடாது"ன்னாக. நான் சாப்பிடவே இல்லையே, பால் காப்பி குடிச்சேன். ஆபரேசன் மறுநாளைக்குத் தள்ளிப்போச்சு. வார்டே என்னை ஏசுச்சு. "என்ன புரிஞ்சுது, நீங்க சொல்லுங்க தாத்தா"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, "இட்லி கூடாது, காப்பி குடிக்கலாம்"னு அப்பவே மாட்டியிருப்பேன். மயக்கத்துல வயித்துல உள்ளது மேல வந்து நெஞ்சுக்குள்ள எறங்கிரும்னு காரணத்தையும் சொல்லியிருந்தா, எச்சிலக்கூட யோசிச்சுத்தான் முழுங்கியிருப்பேன்.

அம்புட்டுதான் தாயி. கட்டில்ல ஒருத்தன் "ஒண்ணுமில்ல"ன்னா பக்கத்துல நின்னு மூச்ச எண்ணு. போன்ல அதே வார்த்தை உன் வாயில வந்தா முழுங்கிரு.

இன்னொண்ணு. உன் மாமன் வாங்கிக் கொடுத்த அந்தப் பவுசு வாட்சப் பாத்தேன். அதுல செகண்ட் முள்ளு இல்ல. திங்கக்கிழமைக்குள்ள மாத்திட்டுப் போ.